டிரைவில் கிடக்கும் பத்திரங்களுக்கு நாமே பூட்டுப் போடுவது எப்படி?

போன வருடம் வீட்டுக் கடனுக்கு அலைந்தபோது அப்பா பெயரில் இருந்த கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, எல்லோருடைய ஆதார், பான் கார்டு என்று மொத்தத்தையும் ஸ்கேன் பண்ணி கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்தேன். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்க அவ்வளவு வசதி. கடன் வேலை முடிந்து பல மாதம் ஆன பிறகுதான் உறைத்தது, எங்கள் வீட்டின் அத்தனை காகிதமும் ஒரே ஒரு கணக்குக்குள் அப்படியே திறந்து கிடக்கிறது என்று. அதைச் சரி செய்ய உட்கார்ந்தபோது செய்ததையும், செய்து கெடுத்ததையும் சேர்த்து எழுதுகிறேன். கணினியில் ஒரு மென்பொருளை நிறுவத் தெரிந்தால் போதும்.

முதலில், சாவி யாரிடம் இருக்கிறது?

எந்த கிளவுட் சேவையின் பக்கத்தைத் திறந்தாலும் 'ஏஇஎஸ் 256 என்கிரிப்ஷன்' (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி ஃபைலைப் பூட்டும் ஒரு முறை) என்று போட்டிருப்பார்கள். அது உண்மைதான். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் மூன்றிலும் நம் ஃபைல் போகிற வழியிலும் பூட்டித்தான் போகிறது, அவர்கள் சர்வரிலும் பூட்டித்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பூட்டின் சாவி அவர்களிடமே இருக்கிறது. டிரைவில் ஒரு பெயரைத் தேடிப் பாருங்கள், ஸ்கேன் பண்ணிய படத்துக்குள் இருக்கும் எழுத்துகூடத் தேடலில் வரும். படிக்க முடியாத ஒன்றை யாராலும் இப்படித் தேடிக் கொடுக்க முடியாது.

சாவி அவர்களிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு சம்பவம். 2011 ஜூனில் டிராப்பாக்ஸில் நடந்த ஒரு நிரல் தவறால் சுமார் 4 மணி நேரத்துக்கு எந்தப் பாஸ்வேர்டைப் போட்டாலும் கணக்கு திறந்தது. 2022-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதிய செய்தி இன்னும் மோசம்: சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தகப்பன், மகனுக்கு உடம்பு சரியில்லை என்று டாக்டருக்குக் காட்ட எடுத்த படம் தானாக பேக்கப் ஆகி, குழந்தைகள் மீதான குற்றங்களைத் தேடும் கூகுளின் தானியங்கிச் சோதனையில் மாட்டி, அவருடைய மொத்தக் கணக்கும் முடக்கப்பட்டது. குற்றம் எதுவும் இல்லை என்று போலீஸ் சொன்ன பிறகும் கணக்கு திரும்பக் கிடைக்கவில்லை.

சரி, சாவியை நம்மிடமே விடுகிற சேவைகள் இல்லையா என்றால், இருக்கின்றன. புரோட்டான் டிரைவ், மெகா, டிரெசோரிட் எல்லாம் எண்ட்-டு-எண்ட் வகை, நம் கருவியிலேயே பூட்டிய பிறகுதான் ஃபைல் வெளியே போகும். பிகிளவுடில் அந்த வசதிக்குத் தனியாகக் காசு கட்ட வேண்டும், சும்மா கணக்குத் தொடங்கினால் கிடைக்காது, நிறைய பேர் இதைக் கவனிப்பதில்லை. ஆனால் எண்ட்-டு-எண்ட் என்று சொல்லிவிட்டதாலேயே நம்பிவிட வேண்டாம். 2022-இல் சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மெகாவின் பூட்டில் பெரிய ஓட்டைகளைக் காட்டினார்கள். 2024-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து சிங்க், பிகிளவுட், ஐஸ்டிரைவ், சீஃபைல், டிரெசோரிட் ஐந்தையும் ஆராய்ந்தார்கள், டிரெசோரிட் மட்டும்தான் ஓரளவு தேறியது.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு ஆப்பிளின் 'அட்வான்ஸ்டு டேட்டா புரொடெக்‌ஷன்' நல்ல வசதி, ஐகிளவுடில் இருப்பதையும் எண்ட்-டு-எண்ட் முறையில் பூட்டும். 2022 டிசம்பரில் ஐஓஎஸ் 16.2-உடன் வந்தது. தானாக இயங்காது, செட்டிங்ஸில் போய் நாம்தான் இயக்க வேண்டும். மெயில், கான்டாக்ட்ஸ், கேலண்டர் மூன்றும் இதில் அடங்காது. அப்புறம் ஒன்று, 2025 பிப்ரவரியில் பிரிட்டன் அரசின் நெருக்கடியால் அந்த நாட்டில் இந்த வசதியையே ஆப்பிள் விலக்கிக்கொண்டது. நிறுவனம் தருகிற பூட்டை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொள்ள முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அதனால் என் முடிவு இது. டிரைவ் 15 ஜிபி இலவசம், வீட்டில் எல்லோருக்கும் பழக்கம், அதை மாற்ற வேண்டாம். முக்கியமான ஃபைல்களை மட்டும் நம் கணினியிலேயே பூட்டி, பூட்டிய பெட்டியை டிரைவில் வைப்போம். அதற்கு நான் சொல்வது கிரிப்டோமேட்டர். நிரல் முழுவதும் திறந்த மூலம், அதாவது யாரும் படித்துப் பார்க்கலாம், எடுத்துத் தொடரலாம். டெஸ்க்டாப்பில் இலவசம். இதே வேலையைச் செய்த பாக்ஸ்கிரிப்டர் என்று ஒன்று இருந்தது, 2022 இறுதியில் அதன் தொழில்நுட்பத்தை டிராப்பாக்ஸ் வாங்கியதும் புதியவர்களுக்குக் கதவு மூடிவிட்டது. அந்த மாதிரி நடுவழியில் நிற்கக் கூடாது என்பதற்காகவே திறந்த மூலம் தவிர வேறு எதையும் இந்த வேலைக்கு நான் தொடுவதில்லை. வெராகிரிப்ட் அருமையான மென்பொருள், ஆனால் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஃபைலாக வைக்கும். உள்ளே ஒரு சின்ன பிடிஎஃப் மாறினாலும் அந்தப் பெரிய ஃபைலே மறுபடி டிரைவில் ஏற வேண்டி வரலாம். நம்ம ஊர் இணைய வேகத்துக்கு அது ஆகாது.

படி 1: நிறுவுதல்

கூகுள் டிரைவின் டெஸ்க்டாப் செயலி, கிரிப்டோமேட்டர் இரண்டையும் அவரவர் அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

படி 2: பெட்டகம் உண்டாக்குதல்

கிரிப்டோமேட்டரில் கூட்டல் குறியை அழுத்தி புது 'வால்ட்' உண்டாக்குங்கள் (நான் பெட்டகம் என்றே எழுதுகிறேன்). பெயர் கேட்கும், எங்கே வைப்பது என்று கேட்கும். டிரைவ் ஃபோல்டரைக் காட்டுங்கள்.

அடுத்து பாஸ்வேர்டு. குறைந்தது 8 எழுத்து இருந்தால் ஏற்றுக்கொள்ளும், அது போதாது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள். உலக்கை, நங்கூரம், ரசீது என்கிற மாதிரி. குறள் வரி, சினிமாப் பாட்டு வரி வேண்டவே வேண்டாம். தமிழ்ச் சொற்களையே எடுங்கள், ஆனால் ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். தமிழ் எழுத்தில் வைத்துவிட்டு, அவசரத்துக்கு வேறொருவர் கணினியில் திறக்க வேண்டி வந்து, அங்கே தமிழ் கீபோர்டே இல்லையென்றால் தடுமாறிப் போவீர்கள்.

'ரெக்கவரி கீ' வேண்டுமா என்று கேட்கும். கட்டாயம் ஆம் என்று சொல்லுங்கள். 44 ஆங்கிலச் சொற்கள் வரும். அதைக் காகிதத்தில் அச்சிட்டு, அசல் பத்திரம் இருக்கிற பீரோவிலேயே வையுங்கள். பாஸ்வேர்டும் மறந்து இந்தக் காகிதமும் தொலைந்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது, 'பாஸ்வேர்டு மறந்துவிட்டதா?' என்கிற பொத்தானை அழுத்தி மெயில் வாங்கும் கதை இங்கே கிடையாது.

படி 3: ஃபைலை எங்கே போடுவது?

நான் தவறியது இங்கேதான், நிறுத்தி நிதானமாகப் படியுங்கள்.

பெட்டகத்தைத் திறந்ததும் உங்கள் கணினியில் ஒரே பெயரில் இரண்டு இடம் தெரியும். ஒன்று, டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் பூட்டிய பெட்டி. இன்னொன்று, கிரிப்டோமேட்டர் புதிதாக உண்டாக்குகிற ஒரு டிரைவ், விண்டோஸில் தனி எழுத்தோடு வரும். ஃபைல்களைப் போட வேண்டியது இரண்டாவதில். நான் பெட்டகத்துக்கு 'குடும்பம்' என்று பெயர் வைத்திருந்தேன், இரண்டு இடத்திலும் 'குடும்பம்' என்றே இருந்தது, பழகிய கை டிரைவ் ஃபோல்டருக்கே போனது. பட்டா, பத்திரத்தின் இரண்டு பக்கம், மூன்று ஸ்கேனையும் அங்கே இழுத்துப் போட்டேன். எந்த எச்சரிக்கையும் வரவில்லை, ஏனென்றால் கிரிப்டோமேட்டரைப் பொறுத்தவரை அதற்குச் சம்பந்தமில்லாத ஃபைல்கள் அவை. இரண்டு மாதம் கழித்து அண்ணன் வீட்டுக் கணினியில் டிரைவைத் திறந்தபோது பெட்டகத்தின் ஃபோல்டருக்குள் பட்டாவின் குட்டிப் படம் தெளிவாகத் தெரிந்தது, சர்வே எண்ணோடு. இரண்டு மாதமும் பூட்டிவிட்டேன் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

அடையாளம் கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. நீங்கள் நிற்கும் இடத்தில் 'இம்பார்ட்டண்ட்' என்ற ஃபைலும், 'டி' (d) என்ற ஒற்றை எழுத்து ஃபோல்டரும், 'மாஸ்டர்கீ' என்று தொடங்கும் ஃபைலும் தெரிந்தால் நீங்கள் பெட்டிக்கு வெளியே நிற்கிறீர்கள். அங்கே எதையும் போடவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். 'வெல்கம்' என்ற ஃபைல் தெரிந்தால் உள்ளே இருக்கிறீர்கள், அங்கே போடுங்கள்.

போட்டு முடித்ததும் பிரவுசரில் டிரைவைத் திறந்து 'பட்டா' என்று தேடுங்கள். பழைய ஃபோல்டரில் இருப்பதைத் தவிர வேறொன்றும் வரக் கூடாது. 'டி' ஃபோல்டருக்குள் போனால் அர்த்தமில்லாத எழுத்துகளாக நீள நீளப் பெயர்கள் மட்டும் இருக்க வேண்டும். இந்தச் சோதனையைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 4: பழையதைத் துடைத்தல்

பெட்டகத்துக்குள் போட்டாயிற்று, பழைய ஃபோல்டரை அழித்தாயிற்று, முடிந்தது என்று நினைப்போம். டிரைவில் அழித்தது 30 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். போய் காலி செய்யுங்கள். வங்கிக்கு மெயிலில் அனுப்பிய நகல் ஜிமெயிலில் 'அனுப்பியவை'யில் இருக்கிறதா, கைப்பேசியில் எடுத்த படம் கூகுள் போட்டோஸில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எனக்கு இந்தத் துடைக்கிற வேலைக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதாகப் போனது.

இ-ஆதார் பிடிஎஃப்புக்கு ஏற்கெனவே பாஸ்வேர்டு இருக்கிறதே என்று விடாதீர்கள். பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்டு, நம்மைத் தெரிந்த யாருக்கும் அது தெரியும்.

படி 5: கைப்பேசி

கிரிப்டோமேட்டர் செயலியில் டிரைவ் கணக்கை இணைத்து, அதிலிருக்கும் பெட்டகத்தைக் காட்டினால் போதும். முழு வசதிக்குக் காசு கட்ட வேண்டும், நான் கட்டினேன், வருத்தமில்லை.

இவ்வளவு செய்த பிறகும் கூகுளுக்குச் சில விஷயம் தெரியும்: எத்தனை ஃபைல், தோராயமாக என்ன அளவு, எப்போது மாற்றினோம். பெயரும் உள்ளடக்கமும் தெரியாது. அப்புறம், பூட்டி வைத்ததாலேயே அது பேக்கப் ஆகிவிடாது. கணக்கு கைவிட்டுப் போனால் பெட்டகமும் போகும், அதனால் மொத்தப் பெட்டகத்தையும் ஒரு பென்டிரைவில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் கணக்குக்கு இருபடிச் சரிபார்ப்பும் இருக்கட்டும்.

பின்சேர்க்கை 1

கைப்பேசியில் திறந்தால் ஃபோல்டர் காலியாக இருக்கிறது என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தார்கள். கணினியில் ஃபைலைப் போட்ட கையோடு மூடியை மடித்திருப்பீர்கள். பெட்டகம் நூற்றுக்கணக்கான சின்னத் துண்டுகளாக ஏறுகிறது, பாதி ஏறிய நிலையில் ஃபோல்டர் காலியாகவோ பிழையாகவோ தெரியும். பதறி எதையும் அழிக்காதீர்கள். கணினியைத் திறந்து, டிரைவ் ஐகான் 'முடிந்தது' என்று காட்டும்வரை விடுங்கள். அதோடு பெட்டக ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து 'ஆஃப்லைனில் கிடைக்கும்படி' மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு துண்டையும் கேட்கும்போதெல்லாம் டிரைவ் இறக்கிக்கொண்டிருக்கும்.

பின்சேர்க்கை 2

வாட்ஸ்அப் பற்றி ஒருவர் கேட்டது நியாயமான கேள்வி. நம் வீட்டில் பாதி ஆவணம் அம்மா, அப்பா, மாமா என்று வாட்ஸ்அப்பில்தான் சுற்றுகிறது. அரட்டை எண்ட்-டு-எண்ட்தான், ஆனால் டிரைவுக்குப் போகும் பேக்கப் அப்படி இல்லை, அதைத் தனியாக இயக்க வேண்டும். 2021 அக்டோபரிலிருந்து அந்த வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் சாட்ஸ், அதில் சாட் பேக்கப், அங்கே என்கிரிப்ட் செய்யும் தேர்வு. 64 இலக்கச் சாவியையோ சொந்தப் பாஸ்வேர்டையோ தேர்ந்தெடுக்கலாம். வீட்டில் பெரியவர்களின் கைப்பேசியிலும் நீங்களே உட்கார்ந்து செய்து கொடுங்கள், அந்தச் சாவியையும் அதே பீரோவில் எழுதி வையுங்கள்.

பின்சேர்க்கை 3

'பாஸ்வேர்டு வேறொருவருக்குத் தெரிந்துவிட்டது, மாற்றிவிட்டேன், போதுமா?' என்று ஒரு கேள்வி. போதாது. பாஸ்வேர்டை மாற்றினால் மாஸ்டர்கீ ஃபைலின் மேல் இருக்கும் உறைதான் மாறுகிறது, உள்ளே இருக்கும் உண்மையான சாவி அதேதான். பழைய மாஸ்டர்கீ ஃபைலின் நகல் அவர் கையில் இருந்தால் பழைய பாஸ்வேர்டைப் போட்டே பெட்டகத்தைத் திறந்துவிடுவார். புதுப் பாஸ்வேர்டோடு புதுப் பெட்டகம் உண்டாக்கி, ஃபைல்களை அதற்குள் நகர்த்தி, படி 3-இன் சோதனையை மறுபடி செய்துவிட்டு, பழைய பெட்டகத்தைக் குப்பைத்தொட்டியிலிருந்தும் பென்டிரைவிலிருந்தும் அழியுங்கள். பீரோவில் இருக்கும் பழைய 44 சொல் காகிதத்தையும் மறக்காமல் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதை வையுங்கள்.