புற்றுநோய் ஆய்வு செய்யும் மருத்துவராக விரும்பும் பீடோங் மாணவர்களுக்கு

நோயாளிக்குச் சிகிச்சை அளிப்பதும், அந்த நோயின் காரணத்தை முறைப்படி ஆராய்வதும் ஒருவருக்கே உரிய பணியாக அமையும்போது அவரை மருத்துவ ஆய்வாளர் என்கிறோம். மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பீடோங்கிலும் சுங்கைப்பட்டாணியைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வளர்ந்த மாணவர்கள் இந்தப் பாதையைப் பற்றி விசாரிக்கும்போது, எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் பட்டம் என்றே முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்பு, எந்தக் கேள்விக்கு விடை தேடப் போகிறோம் என்று யோசிக்க வேண்டும். சிறப்புத் துறையும் ஆய்வுக்கூடமும் வழிகாட்டியும் அந்தக் கேள்வியைப் பொறுத்தே அமைகின்றன.

இந்த நாட்டிலேயே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. நூறாண்டுகளுக்கு முன், நரம்பையும் இதயத்தையும் தாக்கும் பெரிபெரி நோய் மலாயாவில் ஏராளமானோரைக் கொன்றபோது, தீட்டிய வெள்ளை அரிசி உண்டவர்களிடையே அது பரவியதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர்கள் பெரும்பாலும் தப்பியதையும் நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்னும் மருத்துவர் கவனித்து 1907இல் நூலாக வெளியிட்டார். அரிசியில் ஏதோ நச்சு சேர்வதாக அவர் கருதினார். கோலாலம்பூரில் 1900இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃப்ரேசரும் ஸ்டான்டனும் சோதனைகள் நடத்திய பிறகே, தீட்டும்போது அரிசியிலிருந்து சத்து நீங்குவதே காரணம் என்பது தெளிந்தது. கவனிப்பு சரியாக இருந்தும் விளக்கம் பிழையாகலாம் என்பதால்தான் மருத்துவருக்கு ஆய்வுப் பயிற்சி தேவைப்படுகிறது.

நம் வட்டாரத்தில் அத்தகைய கேள்வி கண்ணெதிரே நிற்கிறது. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே அதிகம். வெற்றிலைபாக்குப் பழக்கம் அதற்கு முக்கியக் காரணம். புகையிலை சேர்க்காத வெற்றிலைபாக்கும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் அறிவித்தது. ஆனால், புகையிலை இல்லையென்றால் கெடுதல் இல்லை என்று இன்றும் நம்பும் பாட்டிமார்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். பல ஆண்டுகள் பாக்கு மென்ற ஒருவருக்கு வாய் இறுகிப் புற்றாக மாறுகிறது, இன்னொருவருக்கு மாறுவதில்லை. ஏன் என்பது வாழ்நாள் முழுவதும் ஆராயத்தக்க கேள்வி.

எஸ்.டி.பி.எம். அல்லது மெட்ரிகுலேஷன் என்னும் பல்கலைக்கழக முன்படிப்புக்குப் பின் மருத்துவப் பட்டம் ஐந்து ஆண்டுகள். பீடோங்கிலேயே எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. எங்குப் படித்தாலும் நோய்க்குறியியலையும் புள்ளியியலையும் தேர்வுக்காக மட்டும் படிக்காதீர்கள். விடுமுறையில் ஏதாவது ஒரு புள்ளியியல் மென்பொருளைக் கற்றுக்கொள்வது பெரும் துணையாக இருக்கும். ஆய்வு என்றாலே விலையுயர்ந்த கருவிகள் என்று எண்ண வேண்டியதில்லை. மருத்துவரும் மரபியலாளருமான அமெரிக்கர் ஆல்ஃபிரட் நட்சன், கண் விழித்திரையில் புற்று வந்த 48 பேரின் விவரங்களைக் கணக்கிட்டே, அப்புற்று உருவாக இரண்டு மரபணு மாற்றங்கள் தேவை என்ற கருத்தை 1971இல் முன்வைத்தார். மாவட்ட மருத்துவமனையின் பதிவேடுகளைக் கொண்டு நீங்களும் தொடங்கலாம்.

பட்டம் பெற்றதும் மருத்துவமனையில் செய்யும் ஹவுஸ்மேன் பயிற்சியின் இரண்டு ஆண்டுகளில் ஆய்வைத் திணிக்க வேண்டாம். நல்ல மருத்துவராவதற்கே அந்தக் காலம் போதாது. அதன் பிறகு, நோயாளிகளிடம் ஆய்வு நடத்தும் முறையைக் கற்பிக்கும் ஜி.சி.பி. பயிற்சியை முடியுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவமனைகளில் ஆய்வு செய்ய, அதைத் தேசிய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிந்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒப்புதல் கிடைப்பதற்கு முன் ஒரு நோயாளியின் விவரத்தைக்கூட ஆய்வுக்காகத் திரட்டக் கூடாது. சம்மதப் படிவத்தைத் தோட்டத்து முதியவருக்கு அவர் பேசும் தமிழிலேயே பொறுமையாக விளக்கி, மறுப்பதற்கு அவருக்கு உரிமையுண்டு என்பதையும் சொல்லிவிடுவது உங்கள் கடமை.

சிறப்புப் பயிற்சியில் பல கிளைகள் உள்ளன. கதிர்வீச்சும் மருந்தும் தரும் புற்றுநோய் மருத்துவத்தில் மலாயாப் பல்கலைக்கழகம் நான்காண்டு முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. வாய்ப்புற்றுநோய்தான் உங்கள் அக்கறை என்றால், பல் மருத்துவப் பட்டம் பெற்று முகத்தாடை அறுவை சிகிச்சைக்குச் செல்லும் வழியையும் எண்ணிப் பாருங்கள். அந்த நோயாளிகளில் பலர் அத்துறையினரிடமே வருகிறார்கள். அமெரிக்காவில் மருத்துவத்தையும் முனைவர் பட்டத்தையும் ஒரே திட்டமாகப் படிக்க 1964 முதல் அரசு நிதி வழங்கப்படுகிறது. இங்குப் பெரும்பாலோர் ஒன்றன்பின் ஒன்றாகவே முடிக்கிறார்கள். முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதால், எல்லாம் நிறைவேறும்போது வயது முப்பத்தைந்தைக் கடந்திருக்கும். வீட்டுக் கடனும் தம்பி தங்கையர் படிப்பும் உங்கள் சம்பளத்தை எதிர்பார்த்திருக்கும் குடும்பம் என்றால், இந்தக் கணக்கை அப்பா அம்மாவிடம் முன்கூட்டியே விளக்கிவிடுங்கள். அரசுப் பணியிலிருந்து சம்பளத்துடன் படிப்பு விடுப்புக் கிடைக்குமா என்பதையும் அப்போதே விசாரித்துவிட வேண்டும்.

முனைவர் பட்டத்துக்கு இடம் தேடும்போது, மலாயாப் பல்கலைக்கழகத்தின் வாய்ப்புற்றுநோய் ஆய்வு மையம், சுபாங் ஜெயாவிலுள்ள கேன்சர் ரிசர்ச் மலேசியா, நமக்கு அருகில் கெப்பாளா பத்தாசிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யு.எஸ்.எம்.) மருத்துவ வளாகம் ஆகியவற்றின் வெளியீடுகளைப் படித்த பின்பே வழிகாட்டிக்குக் கடிதம் எழுதுங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டாமல், உங்கள் கேள்வியையும் இதுவரை செய்த வேலையையும் சொல்லட்டும். பதில் வந்ததும் அவரிடம் முன்பு பயின்ற மருத்துவர்களைச் சந்தித்து, எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், வாரத்தில் எத்தனை நாள் வார்டு வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள், இப்போதும் ஆய்வு செய்கிறார்களா என்று கேட்டுவிட்டு இடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.