மெட்ரிக் தேர்ச்சிக் கணக்கை விரிதாளில் இடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலுள்ள சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமைதோறும் நாங்கள் நடத்தும் தனிவகுப்பின் பெற்றோருக்காக, இணையத்திலிருந்து மெட்ரிக் (12ஆம் வகுப்பு இறுதித் தேர்வு) தேர்ச்சி விவரங்களைத் திரட்டி ஒரு தாளில் கொடுக்க முனைந்தோம். அப்போது நேர்ந்த பிழைகளில் பெரும்பாலானவை, “எத்தனை பேரில் இத்தனை பேர்?” என்ற கேள்வியைக் கேட்காமல் விட்டதால் விளைந்தவை.

2024ஆம் ஆண்டின் தேர்ச்சி 87.3 விழுக்காடு. முழுநேர மாணவர்களாகத் தேர்வு எழுதிய 705,291 பேரில் 615,429 பேர் தேறினர் என்பதே அதன் பொருள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளில் எத்தனை பேர் தேறினர் என்பதை அது சொல்வதில்லை. இடையில் படிப்பை விட்டவர்கள் இந்தக் கணக்குக்குள்ளேயே வரவில்லை. இதைச் சரிசெய்யப் பலர் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய 10ஆம் வகுப்பு எண்ணிக்கையால் வகுத்து, எஞ்சியவர் அனைவரையும் இடைநின்றவர் என எழுதிவிடுகிறார்கள். 10ஆம் வகுப்பில் தேறாமல் மீண்டும் அதே வகுப்பில் அமர்வோர் நம் நாட்டில் ஏராளம் என்பதால், அந்த எண்ணிக்கை முதலிலேயே ஊதிப்போயிருக்கிறது. ஆகவே இதுவும் தவறான முடிவையே தரும். பிள்ளைகளின் வாழ்வைப் பற்றிய எண் என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடாது.

விழுக்காடுகளுக்குச் சராசரி எடுப்பது அடுத்த தவறு. 200 பேர் எழுதிய பள்ளியில் 80 விழுக்காடும், 20 பேர் எழுதிய பள்ளியில் 100 விழுக்காடும் தேர்ச்சி என்று கொள்வோம். விரிதாளின் சராசரிச் சூத்திரம் 90 என்று காட்டும். ஆனால் 220 பேரில் தேறியவர் 180 பேர், அதாவது 81.8 விழுக்காடு. மாணவர் மிகுந்த குவாசுலு-நட்டால் மாகாணத்தையும் மாணவர் மிகக் குறைந்த வடக்கு கேப் மாகாணத்தையும் ஒரே எடையில் வைத்துச் சராசரி கண்டால் நேர்வதும் இதுதான்.

தனியார் பள்ளிகள் பல எழுதும் ஐஇபி (தனித் தேர்வு வாரியம், IEB) தேர்வின் முடிவு அரசுத் தேர்வின் கணக்கில் சேராது. இரண்டையும் ஒரே நெடுவரிசையில் இடக்கூடாது. முடிவுகள் ஜனவரியில் வருவதால், 2024 தேர்வை 2025 என்று பதிவதும் அடிக்கடி நடக்கிறது.

கண்ணுக்கு எளிதில் புலப்படாத தவறு ஒன்று உண்டு. தென்னாப்பிரிக்க அமைப்பில் உள்ள கணினி பதின்மத்துக்குக் காற்புள்ளியை எதிர்பார்க்கும். இணையத்திலிருந்து ஒட்டிய 87.3 அங்கே எண்ணாகாமல் வெறும் எழுத்தாக நிற்கும். எழுத்து கட்டத்தின் இடப்பக்கமும் எண் வலப்பக்கமும் நிற்பது வழக்கம். எங்கள் தாளில் ஒன்பது மாகாணங்களுள் நான்கின் எண்கள் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருந்தன. ஏனைய ஐந்தும் வலப்பக்கம் இருந்தன. எக்செல் எந்த எச்சரிக்கையும் தராமல், அந்த ஐந்துக்கு மட்டும் கணக்குப் போட்டு விடை காட்டியது. எண்களை மட்டும் எண்ணும் கவுண்ட் (COUNT) சூத்திரத்தை இட்டுப் பார்த்தால், ஒன்பதுக்குப் பதில் ஐந்து என்று உடனே தெரிந்துவிடும். பிறகு அந்த நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து, புள்ளிகளைக் காற்புள்ளிகளாக மாற்றினால் போதும். ஆயிரங்களைப் பிரிக்கும் இடைவெளியும் இதே தொல்லையைத் தரலாம். அது பெரும்பாலும் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் வேறொரு குறி; சாதாரண இடைவெளியைத் தேடினால் அகப்படாது என்பதால், கட்டத்திலிருந்தே அதை நகலெடுத்துத் தேடல் பெட்டியில் ஒட்ட வேண்டும். இந்த மாற்றங்களை எல்லாம் நகலில்தான் செய்ய வேண்டும். பதிவிறக்கிய மூலத் தாள், இறக்கிய தேதியோடு அப்படியே இருக்கட்டும்.