தனி ஆள் எழுதிய செயலிக்கு விமர்சனம் எழுதப் போகிறீர்களா? வெளியிடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பெரிய கம்பெனியின் செயலியை நூறு பேர் திட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, இரவில் தனியாக உட்கார்ந்து ஒருவர் எழுதி வெளியிடும் செயலியின் கதை வேறு. அதைப் பற்றித் தமிழில் இருக்கும் ஒரே விமர்சனம் நம்முடையதாக இருக்கலாம். தேடுகிறவர் கண்ணில் அதுதான் முதலில் படும்.

இப்படிப்பட்ட சின்னச் செயலிகளை நான் தொடர்ந்து பயன்படுத்தி எழுதி வருகிறேன். ஒரு முறை தப்பாக எழுதி ஒருவரின் உழைப்பைக் கெடுத்திருக்கிறேன். அதைச் சரிசெய்யப் போனபோது கற்றுக்கொண்ட முறைதான் இது. செயலியை நிறுவுவது, ஸ்க்ரீன்ஷாட் எடுப்பது எல்லாம் உங்களுக்கே தெரியும் என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: நோட்டில் ஐந்து வரி

நிறுவிய அன்றே எழுதிவிடுங்கள்: தேதி, செயலியின் பதிப்பு எண், எங்கிருந்து இறக்கினீர்கள், எந்தக் கருவி, அதில் ஆண்ட்ராய்டு அல்லது விண்டோஸ் எந்தப் பதிப்பு. பதிப்பு எண்ணைக் கடைசி இலக்கம் வரை எழுத வேண்டும். 1.4 வேறு, 1.4.2 வேறு. எங்கிருந்து இறக்கினோம் என்பதும் முக்கியம். திறமூலச் செயலிகளுக்கான ஆண்ட்ராய்டு கடையான எஃப்-டிராய்டு, பெரும்பாலான செயலிகளை மூல நிரலிலிருந்து (எழுதியவர் எழுதிய நிரலிலிருந்து) தானே கட்டித் தருகிறது. அதனால் ப்ளே ஸ்டோரில் வந்துவிட்ட திருத்தம் அங்கே சில நாள் கழித்துத்தான் வரும். ஏற்கெனவே சரிசெய்த பிழையை நீங்கள் இன்னும் இருக்கிறது என்று எழுதிவிடக் கூடாது.

பதிப்பு எண் 0-வில் தொடங்கினால் நின்று யோசியுங்கள். பதிப்பு எண்ணிடுவதில் பலரும் பின்பற்றும் செம்வெர் முறைப்படி, 0-வில் தொடங்கும் பதிப்பில் எது வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். அதை முடிந்த வேலையாக எடைபோடுவது நியாயமில்லை. "இப்போது இப்படி இருக்கிறது" என்று எழுதலாம்.

இதையெல்லாம் போனில் குறித்துக்கொள்ளலாமே என்பீர்கள். எனக்குக் காகித நோட்டுதான் பிடிக்கும். சோதிக்கும் போனிலேயே குறிப்பும் இருந்தால், போனை ரீசெட் செய்யும்போது குறிப்பும் போய்விடும்.

படி 2: பணத்தைப் பற்றி முதல் பத்தியிலேயே

என் பழக்கம், காசு கொடுத்து வாங்கிவிடுவது. அந்தத் தொகை எனக்குப் பெரிதில்லை, எழுதியவருக்கு அது உதவும். என் கையும் சுத்தமாக இருக்கும். அவர் இலவசமாகத் தந்திருந்தால் அதை விமர்சனத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 2023 ஜனவரியில் இந்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இலவசமாக வாங்கிக்கொண்ட பொருளும் சொல்ல வேண்டிய தொடர்புதான். எழுதியவர் உங்கள் நண்பர், சொந்தக்காரர் என்றால் அதையும் சொல்லுங்கள்.

படி 3: வைரஸ் என்று எழுதுவதற்கு முன்

விண்டோஸ் மென்பொருள் என்றால், திறந்தவுடன் நீலப் பெட்டி ஒன்று வந்து தடுக்கலாம். புதியவர்கள் பலரும் இங்கேயே "வைரஸ் இருக்கிறது" என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெட்டியைக் காட்டுவது விண்டோஸிலேயே இருக்கும் ஸ்மார்ட்ஸ்க்ரீன் என்ற பாதுகாப்பு வசதி. கோப்பில் எழுதியவரின் டிஜிட்டல் கையொப்பம் இருக்கிறதா, இந்தக் கோப்பு இதற்குமுன் பலரிடம் போய்ப் பெயர் வாங்கியிருக்கிறதா என்றுதான் அது முக்கியமாகப் பார்க்கிறது. புதிதாக வந்த சின்ன மென்பொருளுக்கு அந்தப் பெயர் எங்கிருந்து வரும்? கையொப்பச் சான்றிதழும் சும்மா கிடைப்பதில்லை, காசு கட்டிக் காலம் முடிய முடியப் புதுப்பிக்க வேண்டும்.

கோப்பில் வைரஸ் இருக்கிறதா என்று சோதிக்கும் வைரஸ்டோட்டல் தளத்தில் கோப்பை ஏற்றிப் பாருங்கள். அறுபது, எழுபது சோதனைப் பொறிகள் (வெவ்வேறு நிறுவனங்களின் வைரஸ் தேடும் நிரல்கள்) அதைப் பார்க்கும். அதிகம் கேள்விப்படாத ஒன்றிரண்டு பொறிகள் மட்டும் சிவப்புக் காட்டினால் பதற வேண்டாம். பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதி ஒரே கோப்பாகக் கட்டிய நிரல்களுக்கு இது அடிக்கடி நடக்கும். எழுதியவரிடம் கேளுங்கள், அவர் தளத்தில் ஷா-256 எண் (கோப்பு கொஞ்சம் மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) போட்டிருந்தால் ஒப்பிடுங்கள். கோப்புகளைச் சுருக்க உதவும் 7-ஜிப் மென்பொருள் இருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்தே அந்த எண்ணை எடுக்கலாம். பெயர் பெற்ற பொறிகள் பலவும் சேர்ந்து சிவப்புக் காட்டினால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். இன்னொன்று, வைரஸ்டோட்டலில் ஏற்றும் கோப்பு பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும். உங்கள் சொந்தத் தகவல் இருக்கும் கோப்பை அங்கே ஏற்றாதீர்கள்.

விண்டோஸ் ப்ரோ வைத்திருப்பவர்கள் விண்டோஸ் சாண்ட்பாக்ஸில் (மூடியதும் எல்லாம் அழிந்துவிடும் தனிச் சோதனைப் பெட்டி) ஓட்டிப் பார்க்கலாம். ஹோம் பதிப்பில் அது கிடையாது, கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் வெர்ச்சுவல்பாக்ஸ் போதும். அதற்குள் ஓட்டிவிட்டு "மெதுவாக இருக்கிறது" என்று மட்டும் எழுதாதீர்கள். வேகத்தை நிஜக் கணினியில்தான் பார்க்க வேண்டும்.

படி 4: இரண்டு வாரம், உங்கள் சொந்த வேலையில்

அரை மணி நேரம் பொத்தான்களை அழுத்திப் பார்ப்பது விமர்சனத்துக்குப் போதாது. கணக்குச் செயலி என்றால் வீட்டின் பால் கணக்கு, மளிகை, சீட்டுப் பணம் எல்லாவற்றையும் அதிலேயே போடுங்கள், பழைய நோட்டிலும் ஒரு நகல் இருக்கட்டும். இரண்டு வார முடிவில் கூட்டுத்தொகை ஒத்துவருகிறதா என்று பார்த்தால்தான் அந்தச் செயலியின் குணம் தெரியும்.

இரண்டு வாரம் என்பது அதிகம் என்று நினைக்காதீர்கள். 2023 நவம்பர் 13-க்குப் பிறகு ப்ளே ஸ்டோரில் தனிநபர் கணக்கு தொடங்கியவர்கள், செயலியை வெளியிடும் முன்பே 14 நாள் தொடர்ந்து ஆட்களை வைத்துச் சோதிக்க வேண்டும். முதலில் 20 பேர் என்றிருந்தது, 2024 டிசம்பரில் 12 பேர் என்று குறைத்தார்கள். தெரிந்தவர்கள் காலில் விழாத குறையாக ஆள் பிடித்துத்தான் தனி ஆள்கள் இதைத் தாண்டி வருகிறார்கள். அவர்களுக்கு நாமும் அதே 14 நாளைக் கொடுக்கலாம்.

படி 5: பிழை அவருடையதா, என் போனுடையதா?

நான் தவறியது இங்கேதான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி ஒன்று. தனி ஆள் எழுதியது, விளம்பரம் கிடையாது, எழுத்து பெரியதாகத் தெரியும். எங்கள் அத்தைக்கு இரவு எட்டு மணிக்கு பிரஷர் மாத்திரை. அவர் போனில் அதை நிறுவிக் கொடுத்தேன். முதல் நாள் நன்றாக அடித்தது. மூன்றாம் நாள் காலையில் அத்தை வந்து, "ஏம்மா, ராத்திரி போன் கத்தவே இல்லையே, நானும் மறந்து படுத்துட்டேன்" என்றார். அடுத்த இரவும் அதேதான். எனக்கு வந்த கோபத்தில், "நம்பி மருந்து சாப்பிட முடியாது, நிறுவாதீர்கள்" என்று எழுதி அன்றே வெளியிட்டுவிட்டேன்.

செயலியை எழுதியவர் மறுநாள் கடிதம் போட்டார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. மூன்று கேள்விகள் மட்டும்: ஆண்ட்ராய்டு எந்தப் பதிப்பு, பேட்டரி அமைப்பில் என்ன தெரிவு இருக்கிறது, அலாரம் அனுமதி கொடுத்திருக்கிறதா? மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. அத்தையின் போனை வாங்கிப் பார்த்தேன். போன் தயாரித்த நிறுவனம் போட்டிருந்த பேட்டரி சேமிப்பு, இரண்டு நாள் திறக்காத செயலியை உறங்க வைத்துவிட்டிருந்தது. அத்தை அந்தச் செயலியை எதற்குத் திறக்கப் போகிறார்? அடித்தால் மாத்திரை போடுவார், அவ்வளவுதான். அமைப்பை மாற்றிய பிறகு ஒரு நாளும் தவறவில்லை.

நினைவூட்டல், அலாரம் போன்று பின்னணியில் ஓடும் எதையும் சோதிப்பதற்கு முன் இந்த வரிசையில் பாருங்கள்.

அறிவிப்பு அனுமதி: ஆண்ட்ராய்டு 13 முதல் செயலி கேட்டு, நாம் சம்மதித்தால்தான் அறிவிப்பு வரும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருப்போம்.

துல்லியமான அலாரத்துக்கான அனுமதி: ஆண்ட்ராய்டு 12-இல் வந்தது. 14-இல் புதிதாக நிறுவும் பெரும்பாலான செயலிகளுக்கு இது தானாகக் கிடைப்பதில்லை, அமைப்புகளில் "அலாரங்கள், நினைவூட்டல்கள்" பகுதிக்குப் போய் நாமே கொடுக்க வேண்டும்.

பேட்டரி: அந்தச் செயலிக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லாத தெரிவை வையுங்கள். சில போன்களில் "தானாகத் தொடங்கு" என்று தனியே ஒன்று இருக்கும், அதையும் திறந்துவிடுங்கள். எந்த நிறுவனத்தின் போனில் எங்கே போய் மாற்றுவது என்பதை 'டோன்ட் கில் மை ஆப்' என்ற தளம் ஒவ்வொன்றாகச் சொல்கிறது. இந்தத் தொல்லையால் அவதிப்பட்ட ஒரு செயலிக் குழுவினரே நடத்துவது அது.

இவ்வளவும் செய்த பிறகு இன்னொரு போனில், புதிதாக நிறுவி, அதே பிழையை வரவழைத்துப் பாருங்கள். இரண்டிலும் வந்தால் அது செயலியின் பிழை. ஒன்றில் மட்டும் வந்தால், "இந்தப் போனில், இந்த அமைப்பில் இப்படி" என்று எழுதுங்கள்.

இதனால் செயலி பக்கம் தப்பே இல்லை என்று ஆகாது. "இந்த அனுமதி இல்லாவிட்டால் நான் அடிக்க மாட்டேன்" என்று முதல் திரையிலேயே அது சொல்லியிருக்க வேண்டும். திருத்தி எழுதிய விமர்சனத்தில் இதைத்தான் குறையாகச் சொன்னேன். அடுத்த பதிப்பில் அந்தத் திரையைச் சேர்த்துவிட்டார். பழைய விமர்சனத்தை நான் அழிக்கவில்லை. மேலே தேதி போட்டு, என்ன தப்பாக எழுதினேன் என்று நான்கு வரி சேர்த்தேன்.

படி 6: தமிழைப் போட்டுப் பாருங்கள்

குறிப்பு எழுதும் செயலி, கணக்கு, அகராதி எதுவானாலும் நான் இதை விடுவதில்லை. "கொ" என்பதை யுனிகோடில் (கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் எண் கொடுக்கும் பொது முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் வைக்கலாம். பார்க்க இரண்டும் ஒன்றேதான். இரண்டையும் சமமாக எடுத்துக்கொள்ளாத செயலியில், ஒரு விசைப்பலகையில் அடித்த "கொத்தமல்லி" இன்னொரு விசைப்பலகையில் அடித்துத் தேடினால் கிடைக்காது. அகர வரிசையையும் பாருங்கள். யுனிகோடு எண் வரிசையிலேயே அடுக்கிவிடும் செயலியில் "ற" எழுத்து "ர"-வை ஒட்டியும், "ன" எழுத்து "ந"-வை ஒட்டியும் வந்து நிற்கும். கடைசியாக பி.டி.எஃப் எடுத்து, கொம்புகள் எழுத்துக்கு முன்னால் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

தமிழ் தெரியாத ஒருவர் எழுதிய செயலியில் இவை இருந்தால் குற்றமாக எழுதாதீர்கள். குறையாக எழுதுங்கள், அவருக்கும் மாதிரிச் சொற்களோடு அனுப்புங்கள். நான் அனுப்பியவர்களில் இருவர் ஒரே வாரத்தில் சரிசெய்தார்கள். "கொத்தமல்லி" இப்போது அவர்களுடைய சோதனைக் கோப்பில் இருக்கிறது.

தகவலை வெளியே எடுக்க முடிகிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். தனி ஆள் நாளைக்கே வேறு வேலைக்குப் போய்ச் செயலியைக் கைவிடலாம், உங்கள் கணக்கு அதற்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது. வெளியே எடுக்க வழியில்லை என்றால் அதை விமர்சனத்தில் மேலேயே எழுதுங்கள்.

(பின்சேர்க்கை: செயலியிலிருந்து வெளியே எடுத்த சி.எஸ்.வி கோப்பை (காற்புள்ளி போட்டுப் பிரித்த அட்டவணைக் கோப்பு) எக்செலில் திறந்தால் தமிழ் எல்லாம் புரியாத குறிகளாகத் தெரிகிறது, செயலியில் கோளாறு என்று வாசகர்கள் இருவர் எழுதியிருந்தார்கள். கோப்பை இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் எக்செல் அது யு.டி.எஃப்-8 (யுனிகோடு எழுத்தைச் சேமிக்கும் ஒரு குறியாக்கம்) என்று அறியாமல் படித்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம். எக்செலின் டேட்டா பட்டியலில் போய் சி.எஸ்.வி-யை உள்ளே எடுத்து, 65001 யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். நான் லிப்ரே ஆபீஸ் கால்க்கில்தான் திறக்கிறேன், அது திறக்கும்போதே எந்தக் குறியாக்கம் என்று கேட்டுவிடும்.)

படி 7: வெளியிடும் முன் அவருக்கு ஒரு கடிதம்

கண்ட பிழைகளை, எந்தத் திரையில் எதை அழுத்தினால் வருகிறது என்ற வரிசையோடு, முதல் படியின் ஐந்து வரியையும் சேர்த்து அனுப்புங்கள். பத்து நாள் காத்திருங்கள். பதில் வராவிட்டால், "கேட்டேன், பதில் வரவில்லை" என்று எழுதி வெளியிடலாம். விமர்சனத்தின் வரைவை மட்டும் அனுப்பாதீர்கள். எந்த வாக்கியம் இருக்கலாம் என்று முடிவு செய்வது அவர் வேலையில்லை.

பாதுகாப்பு ஓட்டை கண்ணில் பட்டால் இந்தப் பத்து நாள் கணக்கு செல்லாது. மற்றவர்களின் கடவுச்சொல்லோ தகவலோ வெளியே போகும் என்றால், அது சரியாகும்வரை விவரத்தை எழுதாதீர்கள். 90 நாள் அவகாசம் கொடுப்பது இந்தத் துறையில் வழக்கம்.

படி 8: எழுதும்போது

நட்சத்திரம் போடுவதை நான் விட்டுவிட்டேன். யாருக்கு உதவும், யாருக்கு உதவாது என்று இரண்டு பத்தி எழுதினால் வாசிக்கிறவருக்குப் பயன். இல்லாத வசதி வேறு, உடைந்த வசதி வேறு. மேகச் சேமிப்பு தருவதாக அவர் சொல்லவே இல்லையென்றால் அது குறையாகாது. பேக்கப் எடுக்கும் என்று சொல்லிவிட்டு எடுக்கவில்லை என்றால் பெரிய குறை. நாற்பது பேர் உழைக்கும் செயலியோடு ஒப்பிட்டு "அதில் இருக்கிறதே" என்று எழுதாதீர்கள். அதே அளவில், அதே விலையில் கிடைக்கும் இன்னொன்றோடு ஒப்பிடுங்கள்.

தனி ஆள் என்பதற்காகப் பூசி மெழுகவும் கூடாது. போட்ட கணக்கு அழிந்தால், "அழிகிறது" என்பதே முதல் வரி. அவர் கஷ்டம் நமக்குப் புரியும், ஆனால் கணக்கைத் தொலைக்கப் போவது வாசகர்.

(பின்சேர்க்கை 2: ஐபோனில், ஆப்பிளின் சோதனை வசதியான டெஸ்ட்ஃப்ளைட் வழியாகக் கிடைத்ததை விமர்சிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எழுதியவரிடம் கேட்காமல் வேண்டாம். அது சோதனைப் பதிப்பு, 90 நாளில் காலாவதியாகிவிடும். நீங்கள் எழுதியதை வாசகர் நிறுவிப் பார்க்கும்போது அது இருக்காது.)

(பின்சேர்க்கை 3: அத்தை போனில் ஆண்ட்ராய்டு புதுப்பிப்பு வந்ததும் பேட்டரி அமைப்பு பழையபடி மாறிவிட்டது. பெரிய புதுப்பிப்பு வந்த அன்று படி 5-ஐ மறுபடி ஒரு முறை பாருங்கள். மாத்திரைச் செயலியின் விமர்சனத்திலும் இதைச் சேர்த்துவிட்டேன்.)