‘படம் எப்படிங்க?’ என்று கேட்பவருக்கு உள்ளதை உள்ளபடி சொல்லும் முறை

ஒரு திரைப்படத்தைப் பற்றியோ மேடை நகைச்சுவையைப் பற்றியோ மனத்தில் பட்டதை மறைக்காமல் சொல்ல விரும்புகிறவர், தம் கருத்து எங்கே உருவாகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். சேலத்தில் பெரும்பாலும் அது அரங்கினுள் உருவாவதில்லை. காட்சி முடிந்து நண்பர்களோடு தட்டுவடை செட் கடை முன் நிற்கும்போது, யாருடைய குரல் ஓங்கி ஒலிக்கிறதோ அவருடைய தீர்ப்பே எல்லோருடைய தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது. ஆகவே கடைக்குப் போவதற்கு முன்பே, மனத்தில் தங்கிய இரண்டு காட்சிகளையும், மணி பார்க்கத் தோன்றிய ஓர் இடத்தையும் கைப்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள். படம் ஓடும்போது குறிப்பெடுக்க வேண்டாம். இருட்டில் ஒளிரும் கைப்பேசி பின்வரிசைக்காரரின் கண்ணை உறுத்தும். ‘சூப்பர்’, ‘மொக்கை’ ஆகிய இரண்டு சொற்களையும் அன்றிரவு மட்டும் ஒதுக்கி வையுங்கள்.

அடுத்ததாக, படத்தின் குறையையும் அரங்கின் குறையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். காட்சிகள் மங்கலாகத் தெரிந்தன என்றால், படத்துக்கு முன் போட்ட விளம்பரங்களும் முன்னோட்டங்களும் அப்படியே மங்கலாக இருந்தனவா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். இருந்தன என்றால் பழி ஒளிப்பதிவாளருடையது அன்று, புரொஜெக்டருடையது. பாடலும் பின்னணி இசையும் தெளிவாகக் கேட்க, வசனம் மட்டும் அமுங்கியிருந்தால், திரைக்குப் பின்னாலுள்ள நடு ஒலிபெருக்கியின் மீதும் ஐயம் கொள்ளலாம், ஏனெனில் வசனம் பெரும்பாலும் அதன் வழியாகவே வருகிறது. முதல் நாள் ரசிகர் காட்சியில் பாதி வசனம் விசிலில் போய்விடும். அந்தக் கொண்டாட்டத்தைத் தாராளமாக விவரிக்கலாம். அதையே படத்தின் மதிப்பாக எழுதக் கூடாது.

‘இரண்டாம் பாதி இழுவை’ என்பது நம்மிடையே மிகவும் தேய்ந்துபோன வாக்கியம். தமிழ்ப் படங்கள் இடைவேளையை ஒரு திருப்பமாக வைத்தே எழுதப்படுவதால், அந்தத் திருப்பம் எழுப்பிய கேள்விக்குப் பின்பாதி விடை சொன்னதா, அல்லது அதை மறந்துவிட்டு வேறொரு சண்டைக்குப் போய்விட்டதா என்று பாருங்கள். எந்தக் காட்சியில் கதை நின்றது என்று சொல்ல முடிந்தால் அது விமரிசனம். முடியாவிட்டால் அன்றைய களைப்பாகவும் இருக்கலாம்.

நம் ஊர்ப் பெருமை குறுக்கே வரும்போதுதான் நேர்மை கடினமாகிறது. டி.ஆர். சுந்தரம் 1935இல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படத் தயாரிப்பு நிறுவனத்தின் நுழைவு வளைவை ஏற்காடு சாலையில் கடக்கும்போதெல்லாம், அங்கிருந்து வந்த படம் எதையும் குறை சொல்ல நமக்கு வாய் வருவதில்லை. 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்பது வரலாறு. இன்று உட்கார்ந்து பார்க்கும்போது அது உங்களை ஈர்க்கிறதா என்பது முற்றிலும் வேறு கேள்வி. பழைய படங்களுக்கு இவ்விரண்டையும் தனித்தனி வாக்கியங்களில் எழுதிப் பழகுங்கள். அதே நிறுவனத்தின் ‘மந்திரி குமாரி’யில் (1950), என் கணிப்பில், கதாநாயகன் எம்.ஜி.ஆரைவிட வில்லன் எஸ்.ஏ. நடராஜனே மனத்தில் நிற்கிறார். எம்.ஜி.ஆரை இன்றும் வாத்தியார் என்று அழைக்கும் பெரியவர்கள் உள்ள வீட்டில் இதைச் சொல்லத் துணிவு வேண்டும். ஆனால் வெறுமனே ‘நடராஜன்தான் பெரிய நடிகர்’ என்று சொல்லாமல், கொல்லும் எண்ணத்தை மறைத்துக்கொண்டு மனைவியை அவர் மலையுச்சிக்கு அழைத்துச் செல்லும் காட்சியைச் சுட்டிச் சொன்னால், சண்டை ஆளைப் பற்றியதாக இல்லாமல் அந்தக் காட்சியைப் பற்றியதாக இருக்கும். எதிர்த்துப் பேசுகிறவரும் அதை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம்.

மேடை நகைச்சுவைக்கு இந்த முறை அப்படியே பொருந்தாது. அங்கே சிரிப்பே முதல் சாட்சியம்; ஆனால் சிரிப்பு தொற்றக்கூடியது. நேரில் பார்த்த நிகழ்ச்சி என்றால், அரங்கோடு சேர்ந்து சிரித்த இடங்களையும், வீடு திரும்பும் வழியில் மறுபடி நினைத்துச் சிரித்த இடங்களையும் வேறுபடுத்துங்கள். இரண்டாவது வகைதான் நகைச்சுவைக் கலைஞரின் எழுத்துத் திறனைக் காட்டும். ஓ.டி.டி.யில் பார்த்தது என்றால், சிரிப்பொலியைக் கூட்டவும் குறைக்கவும் தொகுப்பாளரால் முடியும் என்பதை மறக்க வேண்டாம்.

வேளச்சேரி மழைவெள்ளத்தையும் பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களையும் பற்றிய நகைச்சுவைக்குச் சேலத்தில் சிரிப்பு வராமல் போனால், அது கலைஞரின் தோல்வியும் அன்று, நம் இரசனைக் குறைவும் அன்று. ‘சென்னையில் வசிக்காதவருக்கு இது எட்டாது’ என்று எழுதினால் படிப்பவருக்குப் பயன்படும். நம் பக்கத்துப் பேச்சைப் போலச் செய்து காட்டும்போது மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். உச்சரிப்பை நீக்கிவிட்டால் அதில் வேடிக்கை ஏதும் மிஞ்சுகிறதா? மிஞ்சவில்லை என்றால் அதைத் தயங்காமல் சொல்லலாம். சிரித்துவிட்டுப் பிறகு சங்கடப்பட்டிருந்தால் இரண்டையும் எழுதுங்கள். சிரிக்கவே இல்லை என்று நடிப்பது பொய்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்: நகைச்சுவையின் முடிவு வரியை எழுதிவிடாதீர்கள். படத்தின் முடிவைத் தெரிந்துகொண்டும் படத்தை இரசிக்கலாம், ஆனால் முடிவு வரி தெரிந்த நகைச்சுவையில் மிச்சமிருப்பது சொற்பமே. அதே தொகுப்பைத்தான் அந்தக் கலைஞர் அடுத்த வாரம் ஈரோட்டிலோ கோவையிலோ சொல்லப் போகிறார். பேசப்பட்ட பொருள் என்ன, சொன்ன விதம் எப்படி, யாரைக் குறிவைத்துச் சிரிக்க வைத்தார் என்பவை போதும். புதியவர்கள் சரக்கைச் சோதித்துப் பார்க்கும் ஓப்பன் மைக் மேடைகளுக்கு அதுகூட வேண்டாம். அவர்களைப் பெயர் சொல்லி இணையத்தில் எழுதாமல், எந்த இடத்தில் கவனம் சிதறியது என்பதை நிகழ்ச்சி முடிந்ததும் நேரில் சொல்லிவிடுங்கள்.