ஃபாஸ்பிண்டரை எங்கிருந்து தொடங்குவது?

ஜெர்மன் திரைப்பட இயக்குநர் ரைனர் வெர்னர் ஃபாஸ்பிண்டரை பெர்லின் திரைப்படப் பள்ளி சேர்த்துக்கொள்ளவில்லை. 1969இல் முதல் முழுநீளப் படம். 1982இல், 37 வயதில், போதைப்பொருளும் தூக்க மருந்தும் அவர் உயிரைக் குடித்தன. இடையிலுள்ள பதின்மூன்று ஆண்டுகளில் 40ஐ ஒட்டிய படங்கள். நான் வரிசைப்படி தொடங்கி மூன்றாவதில் தூங்கிப்போனேன். நீங்கள் வேறு வழியில் போங்கள்.

படி 1: 'அச்சம் ஆன்மாவைத் தின்னும்' (1974)

இதை முதலில் பாருங்கள். சுமார் இரண்டு வாரங்களில் எடுத்து முடித்த படம். மியூனிக்கில் துப்புரவு வேலை செய்யும் எம்மி என்ற மூத்த விதவை மழைக்கு ஒதுங்க ஒரு மதுக்கடைக்குள் நுழைகிறாள், மொரோக்கோவிலிருந்து பிழைக்க வந்த ஆலியைச் சந்திக்கிறாள், மணந்துகொள்கிறாள். ஜெர்மன் தலைப்பே இலக்கணப் பிழையோடுதான் இருக்கும். ஆலியின் கொச்சை ஜெர்மன் அது.

கதையைவிட, யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். மதுக்கடையில் எல்லோரும் சிலைபோல நின்று எம்மியை வெறிக்கிறார்கள். பிறகு மஞ்சள் நாற்காலிகள் நிறைந்த திறந்தவெளி உணவகத்தில் ஊழியர்கள் எம்மியையும் ஆலியையும் அப்படியே வெறிக்கிறார்கள். கேமரா வாசல்களுக்கு வெளியே நின்று எட்டிப் பார்க்கும், அக்கம்பக்கத்தார் போல.

மாடிப்படிக் காட்சியை இரண்டு முறை பாருங்கள். உடன் வேலை செய்யும் பெண்கள் எம்மியை ஒதுக்குகிறார்கள். அவள் கைப்பிடிக் கம்பிகளுக்குப் பின்னால் தனியாகச் சாப்பிடுகிறாள். பின்னர் யூகோஸ்லாவியாவிலிருந்து புதிதாக ஒருத்தி வேலைக்கு வருகிறாள். அதே படிக்கட்டு, அதே கம்பிகள். இப்போது ஒதுக்குகிறவர்களோடு எம்மியும் உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு ஃபாஸ்பிண்டர் பிடிபட்டது இந்த இடத்தில்தான்: மிதிபட்டவர்களையும் அவர் புனிதர்களாக்குவதில்லை.

படி 2: மூலத்தைத் தேடுங்கள்

ஜெர்மனியிலிருந்து ஹாலிவுட்டுக்குப் போன டக்ளஸ் சிர்க் 1955இல் இயக்கிய 'ஆல் தட் ஹெவன் அலோஸ்' படத்திலிருந்து பிறந்தது இது. அதில் விதவைத் தாயின் தனிமைக்குத் துணையாகப் பிள்ளைகள் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கித் தருகிறார்கள். இங்கே எம்மியின் திருமணச் செய்தி கேட்ட மகன் தொலைக்காட்சிப் பெட்டியை எட்டி உதைத்து உடைக்கிறான்.

படி 3: 'மரியா பிரவுனின் திருமணம்' (1979)

இதைக் காதால் பாருங்கள். போருக்குப் பின் பணத்தை நோக்கி ஏறும் மரியாவாக ஹன்னா ஷிகுல்லா நடித்திருக்கிறார். கடைசிக் காட்சியில் 1954 உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் வானொலி வர்ணனை விடாமல் ஒலிக்கும். ஜெர்மனி வென்ற களிப்பும் மரியாவின் முடிவும் ஒரே நேரத்தில் காதில் விழும். சத்தத்தைக் குறைத்துவிடாதீர்கள்.

படி 4: சர்ச்சைகள்

இங்கே அவசரப்பட வேண்டாம். ஃபாஸ்பிண்டர் எழுதிய 'குப்பை, நகரம், மரணம்' நாடகத்தில் ஒரு பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது. 'பணக்கார யூதன்' மட்டும்தான். நகரத்தின் யூத வெறுப்பைக் காட்டவே எழுதினார் என்பார்கள் ஆதரவாளர்கள். 1985இல் ஃபிராங்க்பர்ட்டில் யூத சமூகத்தினர் மேடையேறி அமர்ந்து நாடகத்தைத் தடுத்தார்கள். அவர்கள் கோபத்தைத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் தன்னையும் அவர் விட்டுவைத்ததில்லை. 'இலையுதிர்கால ஜெர்மனி' (1978) கூட்டுப் படத்தில் தன் பகுதியில் தானே தோன்றி, துணைவரை அதட்டுகிறார், தாயோடு வாதிடுகிறார். நாட்டுக்கு நல்ல மனம் கொண்ட ஒரு சர்வாதிகாரி தேவை என்கிறார் தாய். நடித்தவர் அவருடைய சொந்தத் தாய்.

படி 5: 'பெர்லின் அலெக்சாண்டர்பிளாட்ஸ்' (1980)

இது தொலைக்காட்சித் தொடர்: 13 பகுதிகளும் ஒரு பின்னுரையுமாக ஏறத்தாழ 15 மணி நேரம். இரவுக்கு ஒன்று போதும். ஒளிபரப்பானபோதே திரை இருட்டாக இருக்கிறதென்று மக்கள் புகார் சொன்னார்கள். ஆகவே அறை விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள்.