காய்ச்சலும் கப்சூலும்: ஐ.சி.யு. வாசல்வரை நாங்கள் விடும் பிழைகள்

மாரி தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு ஒரு காய்ச்சல். "தம்பி, போனமுறை தந்த கப்சூலிலை ஒரு நாலு தாங்கோ" என்று பார்மசியில் கேட்பவர்கள் இப்போதும் உண்டு. வைத்தியரின் துண்டு இல்லாமல் அன்ரிபயோட்டிக் (பற்றீரியாவுக்கு எதிரான மருந்து) விற்கக்கூடாது என்பது சட்டம். பார்மசிக்காரர் மறுத்தாலும், அலுமாரிக்குள் போன வருட மிச்சம் கிடக்கும்.

டெங்கு, இன்புளுவென்சா, கொவிட் எல்லாமே வைரஸ். அன்ரிபயோட்டிக் பற்றீரியாவின் சுவரை உடைக்கும், அல்லது அது புரதம் செய்யும் பட்டறையை மூடும். வைரஸிடம் அந்தச் சுவரும் இல்லை, பட்டறையும் இல்லை. ஆனால் விழுங்கிய குளிசை சும்மா இருக்காது. குடலில் வாழும் பற்றீரியாக்களில் மருந்துக்கு மசியக்கூடியவற்றைக் கொன்று, மசியாதவற்றுக்கு இடத்தைக் காலியாக்கிக் கொடுக்கும். அதே ஆள் மூச்சுத்திணறி ஐ.சி.யு.வுக்கு, அதாவது தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு, போனால் அவையும் கூடப் போகும்.

அங்கே அவற்றுக்கு வசதி அதிகம். வைரஸ் ஏற்கெனவே நுரையீரலின் உட்சவ்வை உரித்திருக்கும். தொண்டைக்குள் குழாய் வைத்தபின் நோயாளியால் சளியை இருமித் துப்ப முடியாது. கழுத்து நாளத்தில் ஒரு குழாய், சிறுநீருக்கு இன்னொன்று. கடும் கொவிட்டில் உயிர்காக்கக் கொடுக்கும் ஸ்டீரொயிட்டும் எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும். இந்த வழிகளால் நுழைபவைதான் அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் என்ற, மருந்துக்கு லேசில் மசியாத பற்றீரியாக்கள். இவற்றில் அசினெட்டோபாக்டர் காய்ந்த கட்டில் கம்பியில்கூட நாட்கணக்காக உயிரோடிருக்கும். 1918 இன்புளுவென்சாவில் இறந்தவர்களில் பெரும்பாலானோரின் உயிரைக் கடைசியில் எடுத்தது பின்னால் வந்த பற்றீரியா நிமோனியாதான். பென்சிலினைக் கண்டதே 1928இல். அவர்களுக்குக் கொடுக்க மருந்து இருக்கவில்லை. இன்று மருந்து இருக்கிறது, ஆனால் பல கிருமிகள் அதற்கு மசிவதில்லை.

இந்தப் பிழையில் வைத்தியர்களுக்கும் பங்கு உண்டு. கொவிட்டுக்காக வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டோரில் ஏறத்தாழ 75 வீதமானோருக்கு அன்ரிபயோட்டிக் கொடுக்கப்பட்டது, உண்மையில் பற்றீரியாத் தொற்று இருந்தது 8 வீதமானோருக்கே என்று 2024 ஏப்ரலில் உலக சுகாதார ஸ்தாபனம் சொன்னது. "எதுக்கும் போட்டு வைப்பம்" என்ற பழக்கத்தின் அளவு அது.

ஐ.சி.யு. வாசலில் உறவினர் விடும் பெரிய பிழை, "டொக்டர், இருக்கிறதிலை பெரிய ஊசியைப் போடுங்கோ" என்று நெருக்குவது. பாசத்தில் கேட்பதுதான். ஆனால் மெரோபெனம், கொலிஸ்டின் போன்ற பலமான அன்ரிபயோட்டிக்குகள் கடைசிக் கையிருப்பு. கொலிஸ்டின் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும். செப்சிஸ் (தொற்றினால் உடலின் உறுப்புகளே பழுதாகும் நிலை) என்று சந்தேகம் வந்தால் வைத்தியர்கள் காத்திருக்கமாட்டார்கள். கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, இரத்தம் எடுத்துக்கொண்டு உடனே பலமான மருந்தைத் தொடங்குவார்கள். இரண்டு மூன்று நாளில் முடிவு வந்ததும் அதைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். அதைக் கண்டு "கைவிட்டிட்டினம்" என்று அழவேண்டாம். எந்தக் கிருமி என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அதேபோல, குழாய்ச் சளியில் கிருமி வளர்ந்ததாக அறிக்கை வந்தால் அது எப்போதும் தொற்று என்று அர்த்தமில்லை. நோய் செய்யாமல் குடியிருக்கும் கிருமியும் உண்டு.

வீட்டில் விழுங்கியதை மறைப்பது இன்னொன்று. ஏச்சு விழும் என்று பயந்து "பனடோல் மட்டும்தான்" என்பார்கள். ஏற்கெனவே அன்ரிபயோட்டிக் எடுத்தவரின் கல்ச்சரில் ஒன்றும் வளராமல் போகலாம், வைத்தியர் இருட்டில் தடவவேண்டி வரும். குளிசை மட்டையை அப்படியே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

பார்க்கப் போகிறவர்கள் மேலங்கியைக் கவனமாகப் போடுவார்கள், பிறகு போனை நோண்டிய கையால் நோயாளியின் முகத்தைத் தடவுவார்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் கையில் கிருமிநீக்கி தேய்க்க அரை நிமிடம் போதும். நல்லூர்த் திருநீறு பூசத்தான் வேண்டுமென்றால் தாதி மிஸ்ஸிடம் கேட்டுவிட்டு, கை தேய்த்துவிட்டுப் பூசுங்கள்.

இதையெல்லாம் வாசித்துவிட்டு எல்லாக் காய்ச்சலும் வைரஸ்தான் என்று வீட்டில் படுத்திருப்பதும் ஆபத்து. 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் சிலரைக் கொன்ற காய்ச்சல் முதலில் என்னவென்று புரியவில்லை. பிறகு எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அது எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் பற்றீரியா, நேரத்தோடு கொடுத்தால் அன்ரிபயோட்டிக்குக் கேட்கும். வயலிலோ வெள்ளத்திலோ இறங்கியிருந்தால், வைத்தியர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.