திடீரென்று கோழி செத்தால் அறுக்க வேண்டாம்

திருகோணமலையில் தம்பலகாமம், கிண்ணியா பக்கம் கோழியும் வாத்தும் வளர்க்காத வளவு குறைவு. ஒக்டோபர் தொடங்கினால் வெளிநாட்டுப் பறவைகளும் நம் களப்புகளுக்கும் வயல்களுக்கும் வந்துவிடும். அவற்றோடு பறவைக் காய்ச்சல் வைரஸும் வரலாம். அந்தக் காய்ச்சல் என்றதும் பலர் கடைக் கோழி சாப்பிடுவதையே விட்டுவிடுகிறார்கள். அது தேவையில்லை. உள்ளே 70 பாகை செல்சியஸ் சூடு ஏறும்படி நன்றாக வெந்தால் வைரஸ் அழிந்துவிடும். இறைச்சியில் இளஞ்சிவப்பு தெரியக்கூடாது, முட்டை மஞ்சள் கரு இறுக வேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். சோர்ந்து விழும் கோழியை, "செத்துப்போக முன்னம் அறுத்துவிடுவோம்" என்று பிடிக்கிறோமே, அதுதான் ஆபத்து. அறுத்து, இறகு பிடுங்கி, குடல் எடுக்கும்போதுதான் கிருமி கைக்கும் மூக்குக்கும் கிட்ட வருகிறது. பெரும்பாலும் அந்த வேலை அம்மாமார் தலையில்தான். பக்கத்தில் பிள்ளைகளும் குந்தியிருப்பார்கள்.

கொண்டையும் தாடியும் நீலம் பாரித்தாலோ, ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தாலோ, வெறுங்கையால் தொடாதீர்கள். மற்றக் கோழிகளை அடைத்துவிட்டு, கால்நடை வைத்திய அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். செத்ததைக் களப்பிலோ வாய்க்காலிலோ வீசவே கூடாது. வாத்து நோய் காட்டாமலே கிருமியைப் பரப்பும், அதனால் கோழியோடு சேர்த்து அடைக்காதீர்கள். கூடு கூட்டினால் முகக்கவசம் போட்டு, பிறகு சவர்க்காரத்தால் கை கழுவுங்கள். அதன்பின் காய்ச்சல், இருமல் வந்தால், கோழியைத் தொட்டதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.